மலைவாசல்ல பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி மலைக்கோட்டையைச் சுத்தி வீடு வச்சிருந்து, அதைப் பூட்டிட்டு தில்லைநகர்லயும் கே.கே. நகர்லயும் சென்னைலயும் பெங்களூர்லயும் கடல் தாண்டியும் இருக்கிற அண்ணன்மார், அக்காமார், எங்க கூட பாண்டி ஆடி வளர்ந்த தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

என் பேரைச் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது, சின்னக்கடை வீதி பாத்திரக்கடைல வேலை பார்த்தவரோட மூத்த பொண்ணுன்னா தெரிஞ்சுரும். மலைக்குக் கிழக்கால அதே சந்து, அதே வீடு, இன்னமும் நான்தான் இருக்கேன், அம்மாவும் இருக்காங்க, 78 வயசு. எங்க வீட்டு ரேழில நிலைக்குப் பக்கத்துல ஒரு ஆணி இருக்கும் பாருங்க, அதுல இப்ப அஞ்சு சாவிக்கொத்து தொங்குது. அஞ்சும் உங்க வீட்டுச் சாவி. "மாமி, ஒரு ரெண்டு மாசம் பாத்துக்குங்க, வந்து ஏற்பாடு பண்றோம்"னு எங்கம்மா கையில கொடுத்துட்டுப் போனது. அதுல ஒரு கொத்துக்கு பதினோரு வருஷம் ஆச்சு.

அந்தப் பதினோரு வருஷ வீட்டோட மச்சு போன ஐப்பசி மழைல விழுந்துருச்சு. மூணு நாளா விடாத மழை, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், லாரி கல்லைக் கொட்டுற மாதிரி ஒரு சத்தம், கரண்ட் வேற இல்ல, நான் டார்ச் எடுத்துட்டு அடுப்படிக்கு ஓடினா அடுப்படிச் சுவத்துல ஒரு ஆள் கைய விடுற அளவுக்கு பிளவு, அந்தப் பக்கம் வானம் தெரியுது. அது ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அம்மா கட்டில் அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நாலடி தள்ளிதான் கிடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அவங்கள திண்ணைல உக்கார வச்சுட்டு விடியற வரைக்கும் அந்தச் சுவரையே பார்த்துட்டு நின்னேன். காலைல அந்த வீட்டுக்காரத் தம்பிக்கு போன் பண்ணேன், பாவம் அவனும் துடிச்சுப் போயிட்டான், பணம் அனுப்பினான், அவனை ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கடைசில ஒண்ணு சொன்னான், "அக்கா, நல்ல விலைக்கு ஒருத்தர் கேக்கறாரு, இடிச்சுட்டு குடோன் கட்டப் போறாராம், கொடுத்துரலாம்னு இருக்கேன், உங்களுக்கும் தொல்லை விட்டுச்சு." அன்னைலேருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல. அவன் ஒருத்தனுக்கு மட்டும் சொல்ல வேண்டியதா இருந்தா போன்லயே சொல்லிருப்பேன். எங்க சந்துல மட்டும் இருபத்தி ரெண்டு வீட்டுல ஒன்பது பூட்டிக் கிடக்கு, நாலு ஏற்கெனவே குடோன். அதான் எல்லாருக்குமா சேர்த்து எழுதறேன்.

நீங்க ஏன் போனீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. பைக்க உள்ள கொண்டு வந்தா திருப்ப இடமில்ல, கார் பத்திப் பேச்சே இல்ல. சிலிண்டர தோள்ல வச்சுத்தான் கொண்டு வரணும். மேட்டு வீடுகளுக்கு குழாய்த் தண்ணி கீழ்வீட்டு மோட்டார் எல்லாம் நின்ன பிறகுதான் ஏறும். சித்திரை வைகாசில பாறை பகல் முழுக்கக் குடிச்ச வெயில ராத்திரி பூரா நம்ம மேல விடும், மொட்டை மாடில தண்ணி ஊத்திப் படுத்தாலும் முதுகு வேகும். தீபாவளி மாசம் வந்தா கடைவீதி என்.எஸ்.பி. ரோட்டுல தடுப்பு போட்டுருவாங்க, நம்ம வீட்டுக்கு நாமளே ஆதார் கார்டு காட்டி நுழையணும். 2014ல எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் தெருமுனைலயே நின்னுருச்சு, நகைப்பட்டறைப் பசங்க நாலு பேர் அவர நாற்காலியோட தூக்கிட்டு ஓடினாங்க, அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கைல மறக்காது. அப்பா பொழைச்சு அப்புறம் மூணு வருஷம் இருந்தாரு. இதெல்லாம் இருந்தும் இங்க ஏன் இருக்கன்னு என் பொண்ணே கேக்குறா. அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்த நாற்காலியத் தூக்க நாலு பேர் கூப்பிடு தூரத்துல இருந்தாங்க. அந்த நாலு பேரும் குடியிருந்த வீடு இப்ப பிளாஸ்டிக் சாமான் குடோன்.

நம்ம இடம் எப்பேர்ப்பட்ட இடம்னு நமக்கே மறந்து போச்சோன்னு தோணுது. நம்ம மலை 83 மீட்டர் உசரம், அவ்வளவுதான். ஆனா அதுல மேல இருக்கிற குடைவரைய மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டுல குடைஞ்சான், கங்கையைச் சடைல தாங்குற சிவன் சிற்பம் இருக்கிற அதே குடைவரைதான், நம்ம பள்ளிக்கூடம் விட்டு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு ஓடுவோமே, அங்க. அந்தத் தூண்ல வடமொழில ஒரு கல்வெட்டு இருக்கு. சிவன் ராஜாகிட்ட கேட்டாராம், கீழ தரைல ஒரு கோயில்ல இருந்துகிட்டு நான் எப்படி சோழநாட்டோட வளத்தையும் காவேரியையும் பார்க்குறதுன்னு, அதுக்குத்தான் ராஜா இந்த மலைல இடம் பண்ணிக் கொடுத்தாராம். இதை முதல்ல ஒருத்தர் எனக்கு விளக்கிச் சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா நம்ம மொட்டை மாடிலேருந்தும் அதே காவேரிதான தெரியும், ஆடிப் பெருக்கு சமயத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போறதும் அதுக்கும் அந்தாண்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும். 1987ல அந்தக் கோபுரம் முழுசாக் கட்டி முடிச்சு கும்பாபிஷேகம் பண்ணப்ப நம்ம தெரு முழுக்க மாடிலதான் நின்னுச்சு. 1400 வருஷத்துக்கு முன்னால சாமி ஆசைப்பட்ட காட்சி அது, நமக்கு துணி காயப்போடப் போனா கிடைச்சுது. இப்ப எங்க மாடிலேருந்து வடக்க பார்த்தா குடோன் தகரக் கூரையும் ஏசி மெஷினும்தான் பாதி தெரியுது.

நாயக்கர் காலத்துல நம்ம தெருக்கள் கோட்டைக்குள்ள இருந்துச்சு. சுத்தி மதில், மதிலுக்கு வெளிய அகழி. 1751லேருந்து மூணு வருஷம் இந்தக் கோட்டைக்காக பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் ஆளுக்கொரு நவாபை வச்சுகிட்டு அடிச்சுகிட்டாங்க, அப்பவும் உள்ள ஜனங்க குடியிருந்தாங்க. பிறகு 19ஆம் நூற்றாண்டுல மதிலை இடிச்சு அகழிய மூடி ரோடு போட்டாங்க, அதுதான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும், புலவார்டுங்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்ம வாயில புலியாயிருச்சு. மிச்சம் இருக்கிற வாசல் மெயின்கார்டு கேட் மட்டும்தான். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள தாயுமானவர் கோயில், தெப்பக்குளத்துப் பக்கம் 1766ல ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டின சர்ச்சு, லூர்து மாதா கோயில், கொஞ்சம் நடந்தா நத்தர்வலி தர்கா, கொலு மண்டபத்துல மியூசியம், 1914லேருந்து இருக்கிற ரசிக ரஞ்சன சபா. மத்த ஊர்ல இதுல ஒண்ணு இருந்தாலே பெருமை பேசுவாங்க. ஆனா கோயிலையும் சர்ச்சையும் பார்த்துக்க ஆள் இருக்கு. வீடுகளுக்கு நம்மள விட்டா யாருமில்ல. திண்ணையும் ரேழியும் முற்றமும் இருக்கிற நம்ம வீடுங்க போயிருச்சுன்னா மலை மட்டும் கடைங்களுக்கு நடுவுல தனியா நிக்கும், கூட யாரும் இல்லாத வயசானவங்க மாதிரி.

இனி கொஞ்சம் காரியத்துக்கு வரேன், ஏன்னா இதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன்.

வீடு பூட்டினா அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. நம்ம வீடெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம். மச்சு எல்லாம் மெட்ராஸ் டெரஸ், உத்தரத்து மேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி மேல சுண்ணாம்புத் தளம். இடிஞ்ச அன்னைக்கு வந்து பார்த்த ஒரு வயசான கொத்தனார் எனக்கு பொறுமையா காமிச்சாரு. முதல்ல மாடில மழைத்தண்ணி வெளிய போற தூம்பு அடைக்குது, அரச இலையும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து. தண்ணி மாடில தேங்குது. தேங்கின தண்ணி உத்தரம் சுவத்துல நுழையற இடத்துல இறங்குது, உத்தரத்து முனை உள்ளயே மக்குது, வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. இதுக்கு நடுவுல காக்கா எச்சத்துல அரசங்கன்னு முளைக்குது, ஒரு விரக்கடை இருக்கும்போது பிடுங்கிருந்தா போயிருக்கும், நாலு வருஷத்துல அதோட வேரு சுவத்தைப் பிளந்துருது. பாக்கி வேலையக் கரையான் பார்த்துக்கும். மேல ஏறி தூம்பக் குத்திவிட்டு அந்தக் கன்னைப் பிடுங்க ஒருத்தர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்திருந்தா அந்த மச்சு இன்னும் அம்பது வருஷம் நின்னிருக்கும்னு சொன்னாரு. சாவி என் ஆணிலதான் தொங்கிச்சு. நான் ஏறிப் பார்த்திருக்கணும்னு எனக்கே உறுத்துது, ஆனா அடுத்தவங்க வீட்டு மாடில ஏறி வேலை பார்க்க ஒரு தயக்கம், ஏணிப்படி வேற ஆடுது, கூலிக்கு ஆள் வச்சா யாரைக் கேட்டு வச்சன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். இனிமே அந்தத் தயக்கம் வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஆள் ஏத்தறேன்.

ரிப்பேர் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசாதீங்க. அவசரத்துக்கு பூசினா ரெண்டு வருஷம் பளிச்னு இருக்கும், ஆனா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம செங்கல்ல அரிச்சுரும், அப்புறம் பாளம் பாளமா விழும். எங்க அடுப்படிச் சுவரையே முதல்ல சிமெண்ட்ல பூசினது எங்கப்பாதான், நல்லதுன்னு நினைச்சு பண்ணாரு, பிளவு விட்டது சரியா அந்த இடத்துலதான். இப்ப கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் போட்டு சுண்ணாம்பு ஊற வச்சு அந்தக் கொத்தனாரும் அவர் மகனும் பூசிக் கொடுத்தாங்க. நாள் ஆகுது, காசும் கொஞ்சம் கூட ஆகுது, ஆனா இந்தச் சித்திரைல அடுப்படி முன்ன மாதிரி வேகல, அது எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது சட்டம். "அது தொல்லியல் துறை ஏரியா, ஒரு ஆணி அடிக்க முடியாது, அதான் பூட்டிப் போட்டுட்டோம்"னு நிறைய பேர் சொல்றீங்க. இதைப் பத்தி நான் கொஞ்சம் படிச்சேன், கேட்டேன். மலைல இருக்கிற குடைவரைங்க மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. 2010ல திருத்தின சட்டப்படி அந்தச் சின்னத்துலேருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கிக் கட்டணும். ஆனா 1992 ஜூன் 16க்கு முன்னாலேருந்தே இருக்கிற வீட்டை அனுமதி வாங்கி ரிப்பேர் பண்ணலாம்னு அதே சட்டத்துல தெளிவா இருக்கு. நம்ம வீடெல்லாம் அதுக்கு எவ்வளவோ முன்னால கட்டினது. புதுசா கட்டத்தான் தடை, காப்பாத்தத் தடை இல்ல. விண்ணப்பம் போட்டு அலையணும், அது நிஜம், நானும் ஒரு ஆபீஸ்ல நாலு தடவை ஏறி இறங்கினேன், மூணாவது தடவை அழுகையே வந்துருச்சு. ஆனா கிடைச்சுது. அந்த பேப்பர் வேலைல யாருக்கு சந்தேகம் இருந்தாலும் கூட வந்து நிக்க நான் தயார்.

குடோனைப் பத்தி. வாங்கறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்களும் நம்ம கடைவீதில உழைச்சு முன்னுக்கு வந்தவங்க, எங்கப்பா சாப்பிட்ட சோறு ஒரு கடைமுதலாளி போட்டதுதான். ஆனா ஒரு சந்துக்குள்ள துணியும் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் கூரை வரைக்கும் அடுக்கி வெளிய பூட்டுப் போட்டுட்டு ராத்திரி எல்லாரும் போயிர்றாங்க, உள்ள ஒரு ஒயர் தீஞ்சா யாருக்குத் தெரியும்? தீயணைப்பு வண்டி எங்க வரைக்கும் வரும்? ஆம்புலன்ஸ் நின்ன அதே முனைலதான் அதுவும் நிக்கும். 1849ல பிள்ளையார் சதுர்த்தி கூட்டத்துல மலைப்படில நெரிசலாகி 250 பேர் கிட்ட செத்துப் போனதா அந்தக்கால இங்கிலீஷ்காரங்க எழுதி வச்சிருக்காங்க. குறுகலான வழி, திடீர்னு ஒரு பயம், அவ்வளவுதான் அதுக்குத் தேவைப்பட்டுது. இப்பவும் சதுர்த்தி அன்னைக்கு மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ, உச்சிப்பிள்ளையாருக்கு 75 கிலோன்னு கொழுக்கட்டையத் தூளி கட்டித் தூக்கிட்டுப் போறப்ப இந்தச் சந்து எல்லாம் நிரம்பி வழியும். ஒவ்வொரு வருஷமும் நான் அந்த குடோன் ஷட்டரப் பார்த்துகிட்டேதான் கும்புடறேன்.

வீடா இருந்தா உள்ள ஒரு மனுஷன் இருப்பான். சாம்பார் தீஞ்சா கூட பக்கத்து வீட்டுக்கு வாசம் வந்துரும். இதுக்கு மேல பாதுகாப்பு எனக்குச் சொல்லத் தெரியல.

நீங்களே திரும்பி வந்து குடியிருங்கன்னு நான் கேக்கல. உங்க பிள்ளைங்க படிப்பு, வேலை, முட்டிவலி எல்லாம் எனக்குப் புரியுது. வாடகைக்கு விடுங்க. ஜோசப் காலேஜ், ஹோலி கிராஸ் காலேஜ் ரெண்டும் நடக்குற தூரம், ரூம் கேட்டு பசங்க அலையறாங்க. நகைப்பட்டறைக்கு வடக்கேருந்து வந்த குடும்பங்க இருக்கு, பொண்டாட்டி பிள்ளையோட ஒரே ரூம்ல ஆறு பேர். அப்படி ஒரு குடும்பம் மூணு வருஷமா நம்ம சந்து மூலை வீட்டுல இருக்கு, மராட்டிக்காரங்க, அந்தப் பொண்ணு வாசல்ல தினம் கோலம் போடுறா, முதல்ல ரங்கோலி மாதிரி போட்டா, இப்ப எங்கம்மாகிட்ட கத்துகிட்டு புள்ளிக் கோலமே போடுறா. அந்த வீட்டு ஓடு ஒண்ணு கூட ஒழுகல. குடோனுக்குக் கிடைக்கிற வாடகை இவங்க தர மாட்டாங்கதான். ஆனா குடோன்காரங்க ஓடு மாத்த மாட்டாங்க, நடுச்சுவரை எடுத்து ஹாலாக்குவாங்க, மூணு வருஷம் கழிச்சு உங்க கைக்கு வீடு வராது, நாலு சுவர்தான் வரும்.

அண்ணன் தம்பி கேஸ்னால பூட்டிக் கிடக்கிற வீடு ரெண்டு இருக்கு. யார் வீடுன்னு சொல்ல மாட்டேன், படிச்சா உங்களுக்கே தெரியும். பாகம் பிரியறது நடக்கும்போது நடக்கட்டும், ஆனா அதுவரைக்கும் மழைத்தண்ணி தீர்ப்புக்காகக் காத்திருக்காது. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு மேல ஓடு மட்டும் மாத்துங்க. உங்க ரெண்டு பேரையும் ஒரே சட்டில சாதம் பிசைஞ்சு உருட்டிக் கொடுத்தது எங்கம்மா, அந்த உரிமைல அவங்க சொல்லச் சொன்னாங்க.

வித்துத்தான் ஆகணும்னா, தயவு செஞ்சு முதல்ல தெருவுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளிய சொல்லுங்க. குடியிருக்க வாங்கறவங்க இருக்காங்க, கொஞ்சம் விலை கம்மியா கேப்பாங்க, தேடிக் கொடுக்க எனக்கு ஒரு ஆறு மாசம் டைம் கொடுங்க. இடிக்கிறதுன்னு முடிவே ஆயிட்டா, பொதுச் சுவர் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசாம ஒரு செங்கல்ல எடுக்க விடாதீங்க. நம்ம வீடுங்க ஒண்ண ஒண்ணு தோள்ல சாஞ்சு நிக்குது, நடுவுல ஒண்ண உருவினா ரெண்டு பக்கமும் ஆடும். நம்ம தாத்தாங்க காசை மிச்சம் பிடிக்க அப்படிக் கட்டினாங்களோ, ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் போக மாட்டோம்ங்கிற நம்பிக்கைல கட்டினாங்களோ, எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது.

நம்ம தாயுமானவர் சாமி கதை உங்களுக்கு நான் சொல்லணுமா. ரத்னாவதி நிறைமாசமா வலில கிடக்குறா, அவ அம்மா கிளம்பி வரா, காவேரில வெள்ளம், அக்கரைலயே நின்னுட்டா, அதனால சாமியே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்தாரு, வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது. சித்திரைத் திருவிழால செட்டிப்பெண் மருத்துவம்னு இந்தக் கதைய நடத்திக் காட்டறப்ப திரை விலகுற நேரம் எங்கம்மா வருஷா வருஷம் அழுவாங்க. போன தடவை படியேற முடியல, வீட்டுலயே உக்காந்து அழுதாங்க. அப்ப சொன்னாங்க, "தண்ணி குறுக்க இருந்துச்சு, அவளால வர முடியல. இப்ப காவேரி மேல பாலம் இருக்கு, ரயில் இருக்கு, பிளேன் இருக்கு, இதுங்களுக்கு வர என்னடி?" நான் உங்க சார்பாத்தான் பேசினேன், லீவு கிடைக்காதும்மான்னு.

கார்த்திகைக்கு வாங்க. உச்சிப்பிள்ளையார் கோயில் முன்னால கொப்பரைல 300 மீட்டர் துணில திரி திரிச்சு விளக்கேத்துவாங்களே, அது எரியறதப் பார்த்துட்டுத்தான நம்ம தெருவுல அகல் ஏத்துவோம், யார் வீட்டு மாடி முதல்ல ஏத்துதுன்னு போட்டி போடுவோமே. இப்பவும் எங்கம்மா பூட்டின வீட்டுத் திண்ணைக்கெல்லாம் ரெண்டு ரெண்டு அகல் வைக்கச் சொல்றாங்க, ஒன்பது வீடு, பதினெட்டு விளக்கு, நானும் பொண்ணும் சுத்தி வந்து வைக்கிறோம், காத்துல பாதி அணைஞ்சுரும், திரும்பப் போய் ஏத்துவோம். இந்த வருஷம் உங்க வீட்டுக்கு நீங்க ஏத்துங்க. ரெண்டு நாள் முன்னாலயே வந்தா அந்தக் கொத்தனாரையும் வரச் சொல்லி வைக்கிறேன், மாடிக்கு ஏறி உத்தரத்தை நீங்களே தட்டிப் பார்த்துட்டு அப்புறம் விக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. சாவி அதே ஆணிலதான் இருக்கு, பூட்டுக்கெல்லாம் போன வாரம்தான் எண்ணெய் விட்டேன். பதினோரு வருஷப் பூட்டு கூட திறந்துச்சு. படுக்க பாய் இருக்கு, காலைல காப்பி நம்ம வீட்டுல.